வாசகர் கேள்வி – பதில்: இரவல் கொடியும் இரவல் பகையும்

2026ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத் தொடர் ஜூன் 11ஆம் திகதி மெக்சிக்கோவில் தொடங்குகிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகள் சேர்ந்து நடத்தும் இத்தொடரில் முதன்முறையாக 48 அணிகள் ஆடவுள்ளன. வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியே பேசுவதால், இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மூத்த மகன் ஆர்ஜென்டீனா, இளையவன் பிரேஸில். 2022இல் இறுதியாட்டம் முடிந்த இரவு மூத்தவன் வெடி கொளுத்தியதோடு நில்லாமல், தம்பியின் சைக்கிளில் நீலமும் வெள்ளையுமான கொடியைக் கட்டிவிட்டான். கைகலப்பாகிவிட்டது. அதன் பின்னர் பல நாள்களாக ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, "அவனிட்டச் சொல்லுங்கோ அம்மா" என்று என் மூலமாகவே பேசிக்கொண்டார்கள். இம்முறையும் இருவரும் கொடி தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாட்டுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் ஐயா?
– ஒரு தாய், விசுவமடு

பதில்: சம்பந்தம் ஒன்றுமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், அம்மா, ஆனால் அது முழு உண்மையாகாது. வன்னியில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தலைமுறையிடம் உதைபந்தாட்ட உலகம் பெரும்பாலும் பிரேஸிலின் பெலே, ஆர்ஜென்டீனாவின் மரடோனா என்ற இரண்டு பெயர்களாகவே வந்து சேர்ந்தது. எப்போதாவது ஒரு முற்றத்தில் ஜெனரேற்றரை இயக்கிப் படப்பெட்டி போட்டபோது, அந்த இரண்டு பெயர்களுக்கும் முகமும் காலும் கிடைத்தன. உங்கள் பிள்ளைகள் தாங்களே தெரிவு செய்ததாக நினைக்கும் அணிகள், அநேகமாக மாமனிடமோ சித்தப்பாவிடமோ இருந்து கைமாறி வந்த முதுசம்தான். இது எங்களுக்கு மட்டும் உரிய விசித்திரமும் அல்ல. கேரளத்தின் கோழிக்கோட்டுப் பக்கம், புள்ளாவூர் என்ற ஊரில், 2022இல் ஆற்றின் நடுவே ஆர்ஜென்டீனாவின் மெஸ்ஸிக்கும் கரையில் பிரேஸிலின் நெய்மாருக்கும் பேருருவப் பதாகைகளை நிறுத்தினார்கள். பங்களாதேஷ் மக்கள் ஆர்ஜென்டீனாவுக்காகத் திரண்டதைக் கண்ட அந்நாடு, 1978இல் மூடிய தன் தூதரகத்தை 2023இல் டாக்காவில் மீண்டும் திறந்தது.

ஆகவே கொடியை இரவல் வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் கொடியோடு சேர்த்துப் பகையையும் இரவல் வாங்கும்போது, அந்தப் பகைக்குச் சொந்தக்காரர் அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பிரேஸிலும் ஆர்ஜென்டீனாவும் 1914 முதல் மோதி வருகின்றன. அயல்நாடுகள் என்பதால் அவர்களுக்குள் எல்லாவற்றிலும் போட்டி உண்டு. 2023 நவம்பரில் பிரேஸிலின் மரக்கானா அரங்கில் தகுதிகாண் ஆட்டம் தொடங்குமுன் பார்வையாளர் பகுதியில் அடிதடி எழுந்து, பொலிஸார் தடியோடு இறங்க, மெஸ்ஸி தன் அணியை உடைமாற்றும் அறைக்கு அழைத்துச் சென்றார். ஆட்டம் ஏறக்குறைய அரைமணி நேரம் தாமதித்தது. இது ஒரு பக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இதே மரக்கானாவில் தென்னமெரிக்க நாடுகளுக்கான 2021 கோபா அமெரிக்கா இறுதியாட்டத்தில் பிரேஸில் 1–0 எனத் தோற்றபோது, அழுதுகொண்டு நின்ற நெய்மாரை மெஸ்ஸி நெடுநேரம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் இருவரும் உள்ளே படிக்கட்டில் அருகருகே உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்த காட்சியும் வெளிவந்தது. மூத்தவர் இளையவர் இருவருக்கும் அந்தக் காணொளியைப் போட்டுக்காட்டுங்கள்.

உங்கள் நிலையில் இருந்த இன்னொரு தாயையும் சொல்ல வேண்டும். 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் சுவிற்சர்லாந்துக்காகக் கிரானிட் ஷாக்காவும் அல்பேனியாவுக்காக அவருடைய அண்ணன் டவ்லாந்த் ஷாக்காவும் எதிரெதிராக ஆடினார்கள். அவர்களின் தாயார் பாதி சுவிஸ் கொடியும் பாதி அல்பேனியக் கொடியும் கொண்ட மேற்சட்டையை அணிந்து அரங்கில் அமர்ந்திருந்தார். கொடி தைக்கிற தையற்காரரிடம் நீங்களும் ஒன்று சொல்லிவைக்கலாம்.

கேள்வி: உதைபந்தாட்டத்தால் இரண்டு நாடுகளுக்கிடையே போரே மூண்டது என்று என் மாணவர்கள் வாதிடுகிறார்கள். உண்மையா?
– ஓர் ஆசிரியர், கிளிநொச்சி

பதில்: போர் நடந்தது உண்மை, அதற்கு உதைபந்தாட்டம் காரணம் என்பது உண்மையல்ல. 1969 ஜூனில் மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோரும் ஹொண்டூராஸும் உலகக் கிண்ணத் தகுதிக்காக மோதின. ஹொண்டூராஸில் நடந்த முதல் ஆட்டத்தில் அந்நாடும், எல் சல்வடோரில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் இந்நாடும் வென்றன. இரு நகரங்களிலும் விருந்தாளி அணி தங்கிய விடுதிக்கு வெளியே இரவு முழுவதும் கூச்சலிட்டு, வீரர்களைத் தூங்கவிடாமல் செய்தார்கள். மெக்சிக்கோ நகரில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் மேலதிக நேரத்தில் எல் சல்வடோர் 3–2 என வென்றது. ஜூலை 14ஆம் திகதி அந்நாட்டுப் படைகள் எல்லையைத் தாண்டின. நூறு மணிநேரமளவில் சண்டை ஓய்ந்தாலும், இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுள் பெரும்பாலோர் பொதுமக்கள்.

காரணம் காணி. எல் சல்வடோர் சிறிய நாடு. ஹொண்டூராஸ் பரப்பளவில் அதைப்போல ஐந்து மடங்கு. சல்வடோரில் நிலம் சில குடும்பங்களின் கையில் குவிந்திருந்ததால், நிலமற்ற ஏழைகள் பல பத்தாண்டுகளாக எல்லை கடந்து ஹொண்டூராஸில் காடு வெட்டிப் பயிர் செய்தார்கள். 1969 அளவில் அவர்களின் தொகை ஏறக்குறைய 3 இலட்சம். ஹொண்டூராஸ் அரசு தன் நாட்டுப் பெருநிலக்காரரைத் தொடாமல், காணிச் சீர்திருத்தத்தின் பெயரால் இந்தக் குடியேறிகளையே வெளியேற்றியது. மூட்டை முடிச்சோடு திரும்பிய குடும்பங்களைப் பத்திரிகைகள் ஒரு பக்கத்திலும், உதைபந்தாட்டத்தை மறுபக்கத்திலும் போட்டுச் சூடேற்றின. வெட்டிய காட்டையும் கட்டிய வீட்டையும் விட்டு எழும்பு என்று சொல்லப்படுவதன் பொருளை வன்னி மாணவருக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. அதை முதலில் சொல்லிவிட்டு மூன்று ஆட்டங்களைப் பிறகு சொல்லுங்கள். வரிசை மாறினால் வரலாறும் மாறிவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகு 1970 உலகக் கிண்ணத்துக்குச் சென்ற எல் சல்வடோர், மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோலும் போடாமல் நாடு திரும்பியது.

கேள்வி: மரடோனா கையால் தட்டிய கோலை ஆர்ஜென்டீனா ரசிகர்கள் இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறார்களே, ஏமாற்று வேலையைக் கொண்டாடலாமா?
– உயர்தர மாணவன், மாங்குளம்

பதில்: ஏமாற்று வேலைதான், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 1986 ஜூன் 22ஆம் திகதி மெக்சிக்கோவின் அஸ்டெக்கா அரங்கில், கால் இறுதியாட்டத்தில், இங்கிலாந்தின் கோல் காப்பாளர் பீட்டர் ஷில்டனுக்கு மேலாக எழும்பி இடது கையால் பந்தைத் தட்டினார். துனீசிய நடுவர் அலி பின் நாசர் அதைக் காணவில்லை. ஆனால் இன்னும் நான்கு நிமிடத்தில், தன் பாதி மைதானத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, எதிர்ப்பட்டவர்களையும் காப்பாளரையும் தாண்டி அவரே போட்ட இரண்டாவது கோல் இல்லாவிட்டால், முதலாவதை இவ்வளவு காதலோடு எவரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

அந்நாட்டு ரசிகரின் மனநிலைக்கு வேறொரு காரணமும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1982இல், போக்லாந்துத் தீவுகளுக்காகப் பிரித்தானியாவோடு நடந்த போரில் ஆர்ஜென்டீனா 649 பேரை இழந்து தோற்றிருந்தது. பிரித்தானியப் படையில் 255 பேர் இறந்தார்கள். ஆர்ஜென்டீனாவின் பக்கம் இறந்தவர்களுள் பலர் கட்டாயச் சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்கள். ஆட்டத்துக்கு முன்னர் போருக்கும் பந்துக்கும் தொடர்பில்லை என்று சொன்ன மரடோனா, பின்னாளில் தாங்கள் அதைப் பழிவாங்கலாகவே உணர்ந்ததாக ஒப்புக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு புவனஸ் அயர்ஸ் தாய் அந்தக் கையைக் கொண்டாடினால் நான் வாய் திறக்கமாட்டேன். மாங்குளத்துச் சந்தியில் நின்று கொண்டாடுபவருக்கு அந்த உரிமை கிடையாது. அவர் இரண்டாவது கோலைக் கொண்டாடட்டும்.

அந்தப் பந்தை வைத்திருந்த நடுவர் 2022இல் அதை ஏலத்தில் 20 இலட்சம் பவுணுக்கு விற்றார் என்பதையும் உமது வகுப்பில் சொல்லும். பார்க்கத் தவறிய ஒன்றுக்கு இவ்வளவு விலை வேறெவருக்கும் கிடைத்திருக்காது.

கேள்வி: என் தமையனின் பிள்ளைகள் ஜேர்மனியில் பிறந்தவர்கள். விடுமுறையில் வந்து நின்றபோது ஜேர்மனியை "எங்கட ரீம்" என்று சொன்னது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. "வெள்ளைக்காரன் உங்களைத் தன்ர ஆள் எண்டு சொல்லுவானோ?" என்று கேட்டுவிட்டார்கள். யார் சரி?
– வாசகர், வவுனியா

பதில்: பெரியவர்களின் கேள்வி முரட்டுத்தனமானதுதான், ஆனால் வெறுமையானதல்ல. 2014இல் ஜேர்மனிக்காக உலகக் கிண்ணம் வென்ற மெசூட் ஓசில், துருக்கியிலிருந்து சென்ற குடும்பத்தவர். 2018இல் அணி முதற்சுற்றோடு வெளியேறியபோது, துருக்கி ஜனாதிபதியோடு எடுத்த படத்தை முன்வைத்து அவர்மீது பழி குவிந்தது. வென்றால் தன்னை ஜேர்மனியனாகவும் தோற்றால் குடியேறியாகவும் பார்க்கிறார்கள் என்று எழுதிவிட்டு அவர் அணியை விட்டு விலகினார்.

மறுபுறம் மொரோக்கோவைப் பாருங்கள். 2022இல் அரையிறுதிக்குச் சென்ற முதலாவது ஆபிரிக்க நாடான அதன் 26 வீரர்களில் 14 பேர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள். ஸ்பெயினுக்கு எதிரான சமநிலை தவிர்ப்பு உதையில் கடைசி உதையை மெல்லத் தூக்கிப்போட்டு, பிறந்த நாட்டையே வீட்டுக்கு அனுப்பிய அஷ்ரப் ஹக்கீமி மட்ரிட்டில் பிறந்தவர். இவ்வாண்டு முதன்முறையாகத் தகுதி பெற்றிருக்கும் கரீபியத் தீவான குராசோவின் சனத்தொகை உங்கள் வவுனியா மாவட்டத்தினதைவிடக் குறைவு. அதன் வீரர்களில் மிகப் பெரும்பாலானோர் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவர் பிறந்த நாட்டைத் தெரிவுசெய்கிறார், இன்னொருவர் பெற்றோரின் நாட்டை; ஒரே வீட்டில் இரண்டும் நடக்கும் என்பதை மேலே ஷாக்கா குடும்பத்தில் கண்டோம். உங்கள் தமையனின் பிள்ளைகளுக்கு அந்தத் தெரிவும் கிடையாது, ஏனெனில் பெற்றோரின் நாடு உலகக் கிண்ணத்தில் ஒருபோதும் ஆடியதில்லை. பிறந்து, படித்து, பந்து பழகிய இடத்தை அவர்கள் "எங்கட" என்று சொல்வதை நாம் தடுப்பது நியாயமில்லை. சொல்லப்போனால், எங்கள் ஊர்ப் பிரேஸில்காரரைவிட அவர்களுக்கு அந்தச் சொல்லில் உரிமை அதிகம்.

கேள்வி: இம்முறை கிண்ணம் யாருக்கு?
– வாசகர், மல்லாவி

பதில்: உங்கள் கடிதத்தைச் சோதிடப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன்.

கேள்வி: எல்லோருக்கும் புத்தி சொல்கிறீர்கள், உங்கள் அணி எது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: உருகுவே. சிறிய நாடு; 1930இலும் 1950இலும் கிண்ணத்தை வென்றது. 1950 ஜூலை 16ஆம் திகதி சமநிலை போதும் என்ற நிலையில் இருந்த பிரேஸிலை, மரக்கானாவில் ஏறக்குறைய 2 இலட்சம் பேர் முன்னிலையில், 2–1 என வென்ற அணியை விரும்பாமல் இருப்பது எனக்கு இயலாத காரியம். அன்றிரவு உருகுவே அணித் தலைவர் ஒப்டூலியோ வரேலா, கொண்டாட்டத்தை விட்டுவிட்டு ரியோவின் மதுச்சாலைகளில் துக்கத்திலிருந்த பிரேஸில்காரர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

பிரேஸில் ரசிகர்கள் கோபிக்காமல் இதையும் கேட்க வேண்டும். அந்தத் தோல்வியோடு வெள்ளை மேற்சட்டை ராசியில்லாதது என்று கருதப்பட்டு, கொடியின் நான்கு நிறங்களையும் கொண்ட புதிய உடைக்காகப் பத்திரிகை ஒன்று 1953இல் போட்டி வைத்தது. வென்றவர் அல்டிர் ஷ்லீ என்ற 19 வயது இளைஞர். உருகுவே எல்லையோர ஊரில் பிறந்த அவர், வாழ்நாள் முழுவதும் உருகுவேயின் ரசிகர். நீங்கள் இன்றைக்குப் பெருமையோடு மாட்டிக்கொள்ளும் மஞ்சள் சட்டை, எங்கள் ஆள் வரைந்தது.

கேள்வி: தோற்ற அணியின் வீரரைத் திட்டி என் மகன் முகநூலில் எழுதுவதைக் கண்டேன். கேட்டால், "அவன் வாசிக்கவா போறான்?" என்கிறான். விட்டுவிடலாமா?
– ஒரு தகப்பன், செட்டிகுளம்

பதில்: விடக்கூடாது. மேற்சொன்ன 1950 ஆட்டத்தில் பிரேஸிலின் காப்பாளராக இருந்த மொவாசிர் பார்போசா, இரண்டாவது கோலைத் தடுக்கத் தவறியதற்காகச் சாகும்வரை பழி சுமந்தார். பிரேஸிலில் எந்தக் குற்றத்துக்கும் உச்சத் தண்டனை முப்பது ஆண்டுகள்தான், நானோ ஐம்பது ஆண்டுகளாக அனுபவிக்கிறேன் என்ற கருத்தில் அவர் சொன்னது, 2000ஆம் ஆண்டு அவர் இறப்பதற்குச் சற்று முன்னர். 1994 உலகக் கிண்ணத்தில் தன் பக்கமே கோல் போட்டுவிட்ட கொலம்பிய வீரர் அந்திரேஸ் எஸ்கோபார், நாடு திரும்பிச் சில நாள்களில் மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் சமநிலை தவிர்ப்பு உதையைத் தவறவிட்ட இங்கிலாந்தின் மூன்று கறுப்பின வீரர்கள்மீது கொட்டப்பட்ட இனவசை, சாக்கா என்ற 19 வயதுப் பையனின் கைத்தொலைபேசிக்கே போய்ச் சேர்ந்தது. உங்கள் மகன் சொல்வது தவறு, வாசிக்கிறார்கள்.

தோல்வியை வேறு விதமாகவும் ஏற்றிருக்கிறார்கள். 2014 அரையிறுதியில் பிரேஸில் சொந்த மண்ணில் 7–1 என ஜேர்மனியிடம் தோற்றபோது, எங்கள் நேரப்படி அதிகாலை 1.30க்குத் தொடங்கிய அந்த ஆட்டத்தை அரைமணி நேரத்துக்குள் ஐந்து கோலோடு அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் இங்கே பலர். அரங்கில் இருந்த பிரேஸில் ரசிகர்கள் ஏழாவது கோலுக்கு எழுந்து நின்று கைதட்டியதை அவர்கள் பார்க்கவில்லை. பெரிய மீசையும் தொப்பியுமாக மாதிரிக் கிண்ணமொன்றை நெஞ்சோடு அணைத்து நின்ற குளோவிஸ் பெர்னாண்டஸ் என்ற முதியவரின் படம் மறுநாள் உலகப் பத்திரிகைகளில் வந்தது. பல உலகக் கிண்ணங்களுக்குத் தன்னோடு கொண்டு திரிந்த அந்தக் கிண்ணத்தை, ஆட்டம் முடிந்ததும் ஒரு ஜேர்மன் ரசிகையிடம் கொடுத்துவிட்டு அவர் வெளியேறினார்.

கேள்வி: பிறநாட்டுக்கு வெடி கொளுத்துகிறோம், இலங்கை அணியின் ஆட்டத்தைப் பார்ப்பவர் யார்?
– வாசகர், அடம்பன்

பதில்: மன்னார்ப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வருவதில் நியாயமுண்டு, தேசிய அணிக்கு வீரர்களைக் கொடுத்த மண் அது. 1995இல் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற அணி பின்னர் சரிந்தது. நிருவாகத்தில் வெளியார் தலையீடு என்று கூறி, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தி ஓகஸ்டிலேயே தடையை நீக்கியது. வன்னி இளைஞர் பார்க்காமல் இருப்பதற்கு நிருவாகம் மட்டும் காரணமல்ல. நாடு என்ற சொல்லோடு எங்களுக்குள்ள கணக்கு இலேசானதல்ல. ஆனால் உங்கள் ஊரில் நடக்கும் அணிக்கு ஒன்பது பேர் கொண்ட மின்னொளிச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தை ஒருமுறை நின்று பார்த்தவர், எங்கள் சனத்துக்கு உதைபந்தாட்டத்தில் சொந்த உணர்ச்சி இல்லையென்று சொல்லமாட்டார்.

கேள்வி: இறுதியாட்டத்தைக் கழக மைதானத்தில் பெருந்திரையில் காட்டத் திட்டமிட்டிருக்கிறோம். 2022இல் இப்படிக் காட்டியபோது கதிரைகள் உடைந்தன. என்ன செய்யலாம்?
– கழகச் செயலாளர், ஒட்டுசுட்டான்

பதில்: இறுதியாட்டம் ஜூலை 19, எங்கள் நேரப்படி 20ஆம் திகதி திங்கட்கிழமை அதிகாலை 12.30க்குத் தொடங்கும். அந்த நேரத்தில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைப்பது கடினமாகையால், பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சத்தம் குறைந்தாலே சண்டையும் பாதி குறையும். இரண்டு அணிக்கென்று இரண்டு பக்கமாகக் கதிரை போடாதீர்கள். குடும்பம் குடும்பமாக இருத்துங்கள், பெண்களும் முதியவர்களும் முன்வரிசையில் இருக்கட்டும். குடித்துவிட்டு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடிய, ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள இருவரை நிறுத்துங்கள். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: இணையத்தின் வழியே வரும் ஒளிபரப்பு, டிஸ் வழியே வருவதைவிடச் சற்றுப் பின்தங்கியே வரும். உங்கள் திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் இருக்கும்போது, அயல்வீட்டில் "கோல்" என்று கத்துவார்கள்; அந்த எரிச்சலிலேயே பல தகராறுகள் தொடங்குகின்றன. ஆகவே டிஸ் இணைப்பையே பிடியுங்கள். கதிரைகளை வாடகைக்கு எடுக்காமல் அவரவர் பாயோடு வரச் சொல்லிவிடுங்கள்.